டின்சியின் கைகள்

முதலில் காணாமல் போனது மீன் வெட்டுகிற கத்தி. அப்புறம் வெங்காயம் அரிகிற சின்னக் கத்தி. விறகு பிளக்கிற வாக்கத்தியும் போனபோதுதான் நான் தேட ஆரம்பித்தேன். எல்லாம் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில், உர மூட்டைக்குப் பின்னால், பழைய சாக்கில் சுற்றிப் பத்திரமாகக் கிடந்தன.

"யாருடி இத இங்க கொண்டு வந்து வச்சது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் சேச்சி?" என்றாள் டின்சி. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

டின்சி என் தம்பி ஜோமோனின் மனைவி. பிள்ளை பிறந்து அப்போது இரண்டு மாதம் இருக்கும். எங்கள் வீடு கோட்டயம் பக்கம் தீக்கோயியில், மலைச்சரிவில். நான் ஈராற்றுப்பேட்டை டிப்போவில் பஸ் கண்டக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஜோமோன் பிக்கப் வண்டியில் அன்னாசி ஏற்றிப் போகிறவன்; டின்சிக்கு அவன் 'இச்சாயன்'. டின்சி கண்ணூர்ப் பக்கம் செறுபுழைக்காரி. முதல் பிரசவத்தைப் பெண் வீட்டில்தான் பார்ப்பார்கள். ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. அப்பனும் அண்ணனும் மட்டும் இருக்கிற வீட்டில் இவளை யார் கவனிப்பது என்று நான்தான் இங்கேயே வைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே வாயாடி. காலையில் நான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானால், "என்ன சேச்சி, டபுள் பெல் அடிச்சாத்தான் வண்டி நகருமா?" என்று கேட்பாள். வயிற்றில் பிள்ளையோடு பலாச்சுளையைத் தின்றுகொண்டு, உள்ளே இருப்பவனிடம் ஊர் வம்பெல்லாம் சொல்லுவாள். அப்படிப்பட்டவள், இவான் பிறந்த சில வாரங்களில் வாயடைத்துப் போனாள்.

பிள்ளையைக் குளிப்பாட்ட வயதான பெண்ணம்மச் சேடத்தி வருவார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையில் எண்ணெய் தேய்த்து வளர்ந்தவர்கள். பாக்குமரப் பாளையை முற்றத்தில் விரித்து, அதில் பிள்ளையைக் கிடத்தி, தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்ப்பார். முதலில் டின்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு வாசல்படியிலிருந்து பார்த்தாள். பிறகு சேடத்தி வெந்நீர் எடுத்து வந்தாலே வீட்டின் பின்பக்கம் போய்விடுவாள்.

"எந்தத் தாயாவது பிள்ளையக் குளிப்பாட்டறப்ப முதுகக் காட்டிட்டு நிப்பாளா, ரோசிலி?" என்று சேடத்தி என்னிடம் கேட்டார். "பால் குடுக்குறா, உடனே படுக்கையில போட்டுட்டு எந்திரிச்சிடுறா. ஒரு முத்தம் உண்டா? பாசம் பிடிக்கல இவளுக்கு. தியான மையத்துல ஒரு வாரம் ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஜோமோனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். பிள்ளை தூங்கும்போது அவள் கதவோரம் நின்று அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டு, உதடு அசைய ஜெபம் சொல்லிக்கொண்டு. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். நான் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னே பிள்ளையைப் பற்றித்தான் கேட்பாள்.

"சேச்சி, மோனுக்கு உடம்புல எங்கயும் அடி ஒண்ணும் இல்லல்ல? நான் ஒண்ணும் பண்ணலல்ல?"

"நீ என்ன பண்ணப் போற? நல்லாத்தானே இருக்கான்."

அவள் முகம் தெளியும். கொஞ்ச நேரத்துக்குத்தான். மறுபடி அதே கேள்வி.

ஜூலையில் ஒரு நாள் வாகமண் ரோட்டில் மண் சரிந்து என் டிரிப் ரத்தாகிவிட்டது. மதியத்துக்குள் வீடு வந்தேன். நல்ல மழை. படியேறும்போதே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. முன்கதவு பூட்டியிருந்தது. கொல்லைப்பக்கம் ஓடினேன். துணி துவைக்கிற கல்லில் டின்சி உட்கார்ந்திருந்தாள். நைட்டி உடம்போடு ஒட்டி, தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பிள்ள எங்கடி? சாவி எங்க?"

"உள்ள இருக்கான். சாவியக் கிணத்துல போட்டுட்டேன்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இச்சாயனுக்குப் போன் பண்ணிட்டேன். இப்ப வந்துருவாரு. அதுவரைக்கும் என்னால உள்ள போக முடியாது. அதான்."

நான் கம்பிப்பாரையை எடுத்துப் பின்கதவின் கொண்டியை நெம்பினேன். உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலில் விட்டால் உருண்டு விழுவான் என்று மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டிருந்தாள். சுற்றிலும் தலையணை. மேலே கொசுவலை. சாரல் அடிக்காமல் ஜன்னல் ஒருபக்கம் மட்டும் சாத்தியிருந்தது. கோபத்திலோ வெறுப்பிலோ பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவள் செய்கிற காரியமாக அது இல்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றேன். டின்சி கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"கிட்ட வராதீங்க சேச்சி. அங்கயே நில்லுங்க. அப்பத்தான் சொல்லுவேன்."

சொன்னாள். பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு படம் ஓடுகிறதாம். தன் கைகளே அவனைத் தண்ணீரில் அமுக்குவது போல. கத்தியைப் பார்த்தால் அதைவிட மோசமாக. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள அதிகமாக வருகிறதாம். "இன்னிக்குச் சேடத்தி வரல. நானே குளிப்பாட்டலாம்னு தண்ணி ஊத்தினேன். வந்துருச்சு. சேச்சி, நான் அவனக் கொன்னுருவேன்னு பயமா இருக்கு."

என் கை தானாகப் பிள்ளையை இறுக்கிக்கொண்டது. அதை அவளும் பார்த்தாள்.

"இச்சாயன்கிட்ட சொல்லாதீங்க. பிள்ளையப் பிரிச்சிருவாரு."

"பிரியணும்னுதானே நீயே கதவப் பூட்டின?"

"ஆமா. ஆனா பிரிச்சா நான் இருக்க மாட்டேன்."

ஜோமோன் வந்தபோது கதவு அடைத்துக்கொண்டது, சாவி கைதவறி விழுந்துவிட்டது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவளைத் தனியாக விடவில்லை. லீவு போட்டேன். எங்கள் வார்டில் வீடு வீடாக வருகிற ஆஷா சுகாதார ஊழியை ஷைஜாவுக்குப் போன் செய்து, டின்சிக்குத் தூக்கம் இல்லை, மனசு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தியானம் என்று சொல்லவில்லை, சாமியார் என்று சொல்லவில்லை. "நாளைக்கே ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சேச்சி. மனநலப் பிரிவு. பிள்ளையையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அங்கே எங்களைப் பார்த்தவர் சுஹ்ரா. மனநல உளவியலாளர். மலப்புறத்துக்காரி, சின்ன உருவம், தலையை மூடிச் சாம்பல் நிறத் தட்டம் போட்டிருந்தார். எங்கள் கோட்டயத்துக் காதுக்கு அவர் பேச்சு இழுத்து இழுத்துப் பாடுகிற மாதிரி இருந்தது. வேறு நேரமாக இருந்தால் டின்சி அதைப் பேசிக் காட்டியே என்னைச் சிரிக்க வைத்திருப்பாள்.

"உங்க கூட யார் இருக்கணும், டின்சி? தனியாப் பேசணும்னாலும் சரி."

"சேச்சி இருக்கட்டும். சேச்சிக்குத் தெரியும்."

சுஹ்ரா அவசரப்படவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பிரசவம் எப்படி என்று கேட்டார். சின்ன வயதில் இப்படி ஏதாவது வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. பத்தாம் வகுப்பில், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பித் திரும்பி ஓடியிருக்கிறாள். எனக்கே அது புதிய செய்தி.

"செத்துரலாம்னு தோணுமா?"

"நான் இல்லாம இருந்தா அவன் பத்திரமா இருப்பான்னு தோணும். ஆனா சாகணும்னு இல்ல மேடம். அவன் நடக்கறதப் பார்க்கணும்."

"யாராவது சொல்ற மாதிரி குரல் ஏதும் கேக்குதா? இதச் செய், அதச் செய்னு?"

"இல்ல. என் மனசுதான். வேற யாரும் இல்ல."

"பிள்ளைகிட்ட ஏதோ கெட்டது இருக்கு, அவன் வேற யாரோன்னு எப்பவாவது?"

"அய்யோ, அவன் பாவம்."

"சரி. இந்த எண்ணம் வர்றப்ப, அதச் செய்யணும்னு ஆசையா இருக்கா?"

டின்சி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதமாக நான் பார்க்காத கோபம் அந்த முகத்தில்.

"மேடத்துக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"அப்புறம் எப்படி இந்தக் கேள்வியக் கேக்க வாய் வந்துச்சு?"

"கேட்டே ஆகணும் டின்சி. எல்லார்கிட்டயும் கேப்பேன்." சுஹ்ரா சிரிக்கவில்லை, ஆனால் குரல் இளகியிருந்தது. "உங்க கோபமும் எனக்கு ஒரு பதில்தான்."

எண்ணம் வந்தால் என்ன செய்கிறாள் என்று அடுத்துக் கேட்டார். கையை அக்குளில் வைப்பது, கத்திகளை ஒளிப்பது, ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, மூச்சைப் பார்ப்பது, என்னிடம் கேட்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. அப்புறம் மனநல டாக்டரையும் அழைத்து வந்தார். அவர் நரைத்த தலை, மெதுவான பேச்சு. அதே கேள்விகளை வேறு மாதிரி கேட்டார், தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு இருவரும் பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்த நேரம் டின்சி என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்து சுஹ்ரா சொன்னார். "இதுக்குப் பேரு ஓ.சி.டி."

"அது கைய கழுவிக்கிட்டே இருக்கிற வியாதியில்ல?" என்றேன் நான்.

"சிலருக்குக் கையில வரும். இவங்களுக்கு எண்ணத்துல வந்திருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வருது, வெளிய சொல்றதில்ல. சேச்சி, இந்த வியாதி எது ரொம்பப் பிரியமோ அதத்தான் பிடிக்கும். பக்தி உள்ளவங்களுக்கு தேவாலயத்துல நிக்கறப்ப கெட்ட வார்த்தையா வரும். இவங்களுக்கு மோன்." டின்சியைப் பார்த்தார். "புத்தி பேதலிச்சு பிள்ளைக்கு ஆபத்து வர்ற நிலை வேற. அதுவும் உண்டு, அதனாலதான் இவ்வளவு நேரம் கேட்டோம். உங்களுக்கு அது இல்ல. எண்ணம் வர்றது உங்க கையில இல்ல. ஆனா எண்ணம் வேற, ஆசை வேற. ரெண்டையும் நீங்க ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டீங்க."

தாய்ப்பாலுக்குத் தொந்தரவில்லாத ஒரு மாத்திரையை டாக்டர் எழுதினார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதற்குள் நிறுத்தக்கூடாது என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சுஹ்ரா எழுந்து வந்து என் மடியிலிருந்து இவானை வாங்கினார். டின்சியின் முன்னால் போய் நின்றார்.

"பிடிங்க."

டின்சியின் கைகள் அக்குளுக்குப் போய்விட்டன. "வேண்டாம் மேடம்."

"எண்ணம் வருதா?"

"வருது."

"வரட்டும். அது பாட்டுக்கு வரட்டும். நீங்க பிள்ளையப் பிடிங்க. எனக்கு டீ சொல்லிட்டு வரணும்."

மடியில் வைத்துவிட்டு நிஜமாகவே வெளியே போய்விட்டார். டின்சி மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வாங்கிக்கொள்ளலாமா என்று எனக்குப் பரபரத்தது. இவான் அவள் நைட்டிக்கு மேல் போட்டிருந்த துப்பட்டாவை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் வலது கை வெளியே வந்து அவன் தலைக்குக் கீழே போனது. அப்புறம் இடது கை. சத்தமில்லாமல் அழுதாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

அடுத்த தடவை ஜோமோனையும் கூட்டிப் போனோம். அவனிடம் டின்சிதான் சொல்ல வேண்டும் என்று சுஹ்ரா சொல்லியிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், கிணற்றில் விழுந்த சாவி உள்பட. அவன் எழுந்து வெளியே போனான். டின்சி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான்.

"வாகமண் வளைவுல லோடோட இறங்கறப்ப, ஸ்டியரிங்க இப்படி ஒடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தோணும்" என்றான். "அந்தப் பள்ளத்தப் பார்த்தாலே தோணும். யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு மட்டும்தான் மூளை இப்படின்னு நினைச்சிருந்தேன்."

"எல்லாருக்கும் தோணும்" என்றார் சுஹ்ரா. "நீங்க அத விட்டுட்டு அடுத்த வளைவப் பார்க்குறீங்க. இவங்களால விட முடியல. இதுதான் வித்தியாசம்."

"இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று டின்சியைக் கேட்டான்.

"ஸ்டியரிங் கதைய இச்சாயன் எங்கிட்ட சொன்னீங்களா?" என்றாள் அவள். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டு உயிர் வந்தது.

மாத்திரை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயிற்சி. பயப்படுகிற காரியத்தைச் சுலபமானதிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும், எண்ணம் வந்தாலும் ஜெபம் சொல்லி விரட்டக்கூடாது, பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஜெபமே கூடாதா என்று நான் பதறினேன். "காலைல சாயங்காலம் மனசார ஜெபிக்கட்டும் சேச்சி. பயத்துக்கு மருந்தா எண்ணிச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்" என்றார்.

எங்களுக்கும் வேலை வைத்தார். "நான் ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?" என்று டின்சி கேட்டால் நாங்கள் தைரியம் சொல்லக்கூடாதாம். தைரியம் சொல்லச் சொல்லக் கேள்வி வளருமாம். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு செய்தேன்.

"சேச்சி, நான் மோன ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?"

"தெரியாது மோளே. வா, கப்பக்கிழங்கு உரிக்கலாம்."

முதல் தடவை அப்படிச் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, குளியலறைக்குள் போய் நான் அழுதேன். உரிக்கக் கத்தி வேண்டும். கொட்டகையிலிருந்து அவளே எடுத்து வர வேண்டும். எடுத்து வந்தாள். பிள்ளை பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அந்தக் கிழங்கை அன்று தோலும் சதையுமாக எப்படியோ சீவித் தள்ளினோம்.

ஜோமோனுக்குத்தான் நாக்கு அடங்காது. அவள் கேட்டு முடிப்பதற்குள், "நீ தங்கம்டி, நீ போய் என்ன பண்ணப் போற" என்று விடுவான். "இச்சாயன் பரீட்சைல தோத்துட்டாரு. மேடத்துகிட்ட சொல்லிக் குடுக்கறேன்" என்பாள் டின்சி. ஆனால் எல்லா நாளும் இப்படி இல்லை. பிள்ளைக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வந்த வாரம் அவள் மறுபடி கையை அக்குளில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் வீண் என்றாள். சுஹ்ராவிடம் போனோம். "விழறதும் இதுல சேர்ந்ததுதான். கண்டக்டர் சேச்சிக்குத் தெரியும், வழியில வண்டி நின்னுட்டா டிப்போவிலிருந்தா மறுபடி ஆரம்பிப்பீங்க?" என்றார்.

கடைசியில் வந்தது குளியல். முதலில் சேடத்தி தேய்க்க, டின்சி தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவளே தேய்த்தாள், சேடத்தி பக்கத்தில் இருந்தார். பிறகு நான் அடுக்களையில் இருந்தேன், அவள் முற்றத்தில். அதற்கும் பிறகு, வீட்டில் ஒருவரும் இல்லாமல் அவள் மட்டும் குளிப்பாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

"என் வேலைக்கே வேட்டு வைக்கிற டாக்டரா இருக்காளே" என்று சேடத்தி முணுமுணுத்தார். ஆனாலும் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்து வைத்துவிட்டுத்தான் என்னோடு கீழே ரோட்டுக்கு இறங்கினார். இருவரும் மதில் ஓரம் நின்றோம். டின்சியிடம் நானே சொல்லியிருந்தேன், கூப்பிட்டால் ஒழிய வர மாட்டோம் என்று.

தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிள்ளை சிணுங்கினான், அப்புறம் வீரிட்டு அழுதான். அழுதால் எனக்குப் பரவாயில்லை, அழுகிறான் என்றால் சரியாக இருக்கிறான். திடீரென்று அழுகை நின்றது.

மேலே ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் சொன்னது, சுஹ்ரா சொன்னது, எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காலை எடுத்துப் படியில் வைத்துவிட்டேன். சேடத்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிள்ளைகளைப் பிடித்துப் பழகிய கை, விடுவிக்க முடியவில்லை.

"நில்லு, ரோசிலி. போனேன்னா அவ இனி எப்பவும் தனியாக் குளிப்பாட்ட மாட்டா."

தியானத்துக்குக் கூட்டிப் போகச் சொன்ன அதே சேடத்திதான். அவரும் மேலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலேயிருந்து டின்சியின் குரல் வந்தது.

"சேச்சி! துண்டு கொடியிலயே இருக்கு. மறந்துட்டேன். யாராவது வந்து எடுத்துக் குடுங்களேன், இவன் நனஞ்ச பூனை மாதிரி நடுங்குறான்."

ஓடினேன். பாளையில் இவான் எண்ணெயும் தண்ணீருமாகப் பளபளத்துக்கொண்டு, அவள் கட்டைவிரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தான். அதனால்தான் அழுகை நின்றிருக்கிறது. டின்சி முழங்கால்வரை நனைந்திருந்தாள். கைகள் இன்னும் நடுங்கின. நடுக்கத்தோடேயே அவனைப் பிடித்திருந்தாள்.

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"முழுக்க இருந்துச்சு சேச்சி. அவன் பாட்டுக்கு அவன் சப்பினான், அது பாட்டுக்கு அது வந்துச்சு." துண்டை வாங்கிப் பிள்ளையைச் சுற்றினாள். "இப்பக் கொஞ்சம் கம்மி."

சேடத்தி பாளையைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டின்சியின் தலையில் கை வைத்து ஒரு தடவை அழுத்தினார்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். எண்ணம் அடியோடு போய்விட்டது என்று டின்சி சொல்வதில்லை. தூக்கம் கெட்ட நாளில், உடம்புக்கு முடியாத நாளில் எட்டிப் பார்க்கும் என்கிறாள். இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். அதைக் கேட்டு ஜோமோன் காது சிவந்தான்.

போன மாதம் சுஹ்ராவுக்குச் சொந்த ஜில்லாவுக்கே மாற்றல் வந்தது. பார்க்கப் போனோம். இவான் அவர் தட்டத்தைப் பிடித்து இழுத்தான். "இவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்துச்சு உனக்கு?" என்று மலப்புறப் பேச்சில் அவர் கேட்க, டின்சி அதே இழுவையில் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன். சுஹ்ராதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். கிளம்பும்போது டின்சி இவானை அவர் கையில் ஒரு தடவை கொடுத்து வாங்கிக்கொண்டாள். அவர் "சரி, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பாலா ஸ்டாண்டில் பஸ் மாற இறங்கினோம். பசி என்றாள் டின்சி. எதிரே இருந்த ஓட்டலில் பொறோட்டாவும் பீஃபும் சொன்னோம். தட்டு வந்ததும் அவள் மடியிலிருந்த இவான் கை நிறையக் குழம்பை அள்ளித் தன் கன்னத்தில் பூசிக்கொண்டான்.

"கண்ணுல படப்போகுதுடா, எருமக்குட்டி" என்று அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தன் வாயில் வைத்துச் சப்பித் துடைத்தாள். அப்புறம் அவனுக்கு ஊட்ட என் தட்டில் எலும்பில்லாத துண்டு ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.